செல் தன் புரத உற்பத்தியை எப்படிக் கட்டுப்படுத்துகிறது, மருந்து அதில் எங்கே கை வைக்கலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியலைப் பள்ளியோடு விட்டவர்களையும் மனதில் வைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் ஒரே சிக்கல்தான் இருக்கிறது. புரதம் செய்வது எல்லாச் செல்களுக்கும் வேண்டிய வேலை. அதில் கை வைக்கும் மருந்து, நோயை மட்டும் தொட்டு மற்றதை எப்படி விட்டுவைக்கும்?

உயிரியலில் மொழிபெயர்ப்பு என்று எதைச் சொல்கிறார்கள்?

டிஎன்ஏவில் உள்ள மரபணுவிலிருந்து முதலில் தூது ஆர்என்ஏ என்ற நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகலை, செல்லின் புரதத் தொழிற்கூடமான ரைபோசோம் மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய அமினோ அமிலத்தை வரிசையாகக் கோத்துப் புரதமாக்குகிறது. இந்த இரண்டாவது வேலைதான் மொழிபெயர்ப்பு. அமினோ அமிலங்களைச் சுமந்துவந்து கொடுப்பவை கடத்து ஆர்என்ஏக்கள். மனிதச் செல்லின் ரைபோசோம் நொடிக்கு ஐந்தாறு அமினோ அமிலங்களைக் கோக்கும். பாக்டீரியாவின் ரைபோசோம் பதினைந்து, இருபதுவரை போகும்.

மரபணுவையே அணைத்துவிடலாமே? இந்தக் கட்டத்தில் எதற்குத் தனிக் கட்டுப்பாடு?

மரபணுவை அணைத்தாலும், ஏற்கெனவே எடுத்த நகல்கள் பல மணி நேரம் செல்லுக்குள் கிடக்கும். அதுவரை புரதம் வந்துகொண்டேதான் இருக்கும். ஆபத்து வந்த செல்லுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. மொழிபெயர்ப்பை அடக்கினால் சில நிமிடங்களில் பலன் தெரியும், ஆபத்து நீங்கியதும் அதே வேகத்தில் திரும்பத் தொடங்கவும் முடியும்.

செலவும் ஒரு காரணம். சங்கிலியில் ஒரு அமினோ அமிலத்தைச் சேர்க்க, செல்லின் ஆற்றல் நாணயங்களான ஏடிபி, ஜிடிபி கணக்கில் நான்கு உயர் ஆற்றல் பிணைப்புகள் செலவாகின்றன. 400 அமினோ அமிலங்கள் உள்ள சாதாரணப் புரதம் ஒன்றுக்கே 1,600 ஆகிறது. வேகமாக வளரும் பாக்டீரியா தன் ஆற்றலில் பெரும்பங்கை இதில்தான் போடுகிறது. பட்டினி கிடக்கும் செல் முதலில் இதைக் குறைக்காவிட்டால் பிழைக்காது.

இடமும் முக்கியம். நரம்பு செல்லின் கிளை நுனி, உட்கருவிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது. அங்கே தூது ஆர்என்ஏவைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, தூண்டல் வரும்போது அந்த இடத்திலேயே புரதம் செய்துகொள்வது வசதி.

இந்த வேலையில் கட்டுப்பாடு எந்த இடத்தில் நடக்கிறது?

பெரும்பாலும் தொடக்கத்தில்தான். பாதி கட்டிய புரதத்தை நடுவில் விடுவது வீண்செலவு என்பதால், தொடங்கலாமா வேண்டாமா என்பதைச் செல் முதலிலேயே தீர்மானிக்கிறது.

மனிதச் செல்லில் தூது ஆர்என்ஏவின் முன்முனையில் வேதி மாற்றம் பெற்ற ஒரு தொப்பி இருக்கும். இஐஎஃப்4ஈ என்ற புரதம் அந்தத் தொப்பியைப் பிடிக்கும். இஐஎஃப்4ஏ ஆர்என்ஏவின் சுருள்களைப் பிரிக்கும். இஐஎஃப்4ஜி இரண்டையும் தாங்கி நின்று, ரைபோசோமின் சிறு பாதியை அழைத்து வரும். அந்தச் சிறு பாதி, முதல் கடத்து ஆர்என்ஏவைப் பிடித்திருக்கும் இஐஎஃப்2வோடு சேர்ந்து, தொடக்கக் குறியான ஏயூஜி எழுத்துகள் கிடைக்கும்வரை ஆர்என்ஏ மேல் ஊர்ந்து தேடும். கிடைத்ததும் பெரிய பாதி வந்து சேர, கோக்கும் வேலை தொடங்கும்.

இதில் இரண்டு பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: இஐஎஃப்2, இஐஎஃப்4ஈ. மருந்துக் கதைகளில் பாதி இந்த இரண்டையும் சுற்றியே வரும்.

செல் நெருக்கடியில் இருக்கும்போது என்ன நடக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நெருக்கடியை மோப்பம் பிடிக்க மனிதச் செல்லில் நான்கு நொதிகள் இருக்கின்றன. மடிப்பு சரியில்லாத புரதங்கள் குவிந்தால் பெர்க் விழிக்கும். வைரஸின் இரட்டை இழை ஆர்என்ஏ கண்ணில் பட்டால் பிகேஆர். அமினோ அமிலத் தட்டுப்பாடு என்றால் ஜிசிஎன்2. ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் ஹீம் குறைந்தால் எச்ஆர்ஐ. காரணம் எதுவானாலும் நான்கும் செய்வது ஒரே காரியம்தான்: இஐஎஃப்2வின் ஆல்ஃபா பகுதியில் 51ஆம் இடத்திலுள்ள செரீன் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும்.

ஒரு சின்ன பாஸ்பேட்டால் இவ்வளவு விளைவா? ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் இஐஎஃப்2வில் ஜிடிபி தீர்ந்துபோயிருக்கும். அதை மாற்றிப் புதிதாக ஏற்றிக் கொடுப்பது இஐஎஃப்2பி என்ற இன்னொரு புரதம். பாஸ்பேட் ஒட்டிய இஐஎஃப்2, பூட்டுக்குள் முறிந்த சாவி மாதிரி இஐஎஃப்2பியில் மாட்டிக்கொள்ளும். செல்லில் இஐஎஃப்2பி குறைவாகத்தான் இருக்கிறது. ஆகவே இஐஎஃப்2வில் ஒரு பங்குக்கு பாஸ்பேட் ஒட்டினாலே ஒட்டுமொத்த உற்பத்தியும் சரிந்துவிடும்.

எல்லாம் அடங்கும் அந்த நேரத்தில் சில புரதங்கள் மட்டும் கூடுகின்றன. ஏடிஎஃப்4 அவற்றில் ஒன்று. நெருக்கடியைச் சமாளிக்கத் தேவையான மரபணுக்களை இயக்குவது இதுதான். இதன் தூது ஆர்என்ஏவில், உண்மையான தொடக்கத்துக்கு முன்னால் இரண்டு பொய்த் தொடக்கங்கள் இருக்கின்றன. முதலாவது வெறும் மூன்று அமினோ அமில நீளம். அதைப் படித்து முடித்த ரைபோசோமின் சிறு பாதி கழன்று விழாமல் தொடர்ந்து ஊர்கிறது. செல் நலமாக இருக்கும்போது அடுத்த இஐஎஃப்2 சட்டென்று கிடைத்துவிடும், இரண்டாவது பொய்த் தொடக்கத்தில் வேலை ஆரம்பமாகிவிடும். அந்தப் பொய்ப்பகுதி ஏடிஎஃப்4இன் தொடக்கத்தைத் தாண்டிப் போய் முடிவதால் ஏடிஎஃப்4 உருவாகாது. நெருக்கடியில் இஐஎஃப்2 கிடைக்கத் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் சிறு பாதி இரண்டாவது பொய்த் தொடக்கத்தைக் கடந்துவிடும். இஐஎஃப்2 வந்து சேரும்போது முன்னால் நிற்பது ஏடிஎஃப்4இன் உண்மையான தொடக்கம். பற்றாக்குறையையே சமிக்ஞையாக மாற்றும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் வியப்பு குறைவதில்லை.

எம்டார் என்று அடிக்கடி அடிபடுகிறதே, அது என்ன?

ஊட்டம் இருக்கிறதா, வளரலாமா என்று பார்த்துச் சொல்லும் நொதி. அமினோ அமிலங்களும் வளர்ச்சி ஹார்மோன்களும் தாராளமாக இருந்தால் எம்டார் இயங்கும். இஐஎஃப்4ஈயைக் கட்டிப்போட்டிருக்கும் 4ஈபிபி என்ற புரதத்தில் அது பாஸ்பேட்டுகளை ஒட்டும், உடனே 4ஈபிபி பிடியை விடும். ஊட்டம் குறைந்தால் எம்டார் ஓய்ந்து, 4ஈபிபி மறுபடி இஐஎஃப்4ஈயைப் பிடித்துக்கொள்ளும். முதலில் அடிவாங்குவது ரைபோசோம் புரதங்களின் உற்பத்திதான். தொழிற்கூடத்தை விரிவாக்கும் வேலையை முதலில் நிறுத்துகிறது செல்.

இதெல்லாம் மொத்தக் கட்டுப்பாடு. ஒரே ஒரு புரதத்தை மட்டும் கட்டுப்படுத்த முடியுமா?

முடியும். செல் அதைத் தினமும் செய்கிறது. ஃபெரிட்டினை எடுத்துக்கொள்வோம். 24 துண்டுகள் சேர்ந்த கூடு அது, உள்ளே சுமார் 4,500 இரும்பு அணுக்கள்வரை அடைத்து வைக்கும். இரும்பு குறைவாக இருக்கும்போது ஃபெரிட்டின் செய்வதில் பொருளில்லை, இரும்பு கூடினால் உடனே வேண்டும். இதற்காக ஃபெரிட்டினின் தூது ஆர்என்ஏவில், தொப்பிக்கு அருகே சுமார் 30 எழுத்துகள் கொண்ட, கொண்டை போல மடிந்த ஒரு சிறு பகுதி இருக்கிறது. இரும்பு குறைந்தால் ஐஆர்பி என்ற புரதம் அந்தக் கொண்டையைப் பிடித்துக்கொள்ளும். ரைபோசோமின் சிறு பாதி ஏறவே முடியாது. இரும்பு கூடினால் ஐஆர்பி1 இரும்பு-கந்தகக் கொத்து ஒன்றை ஏற்று, ஆர்என்ஏவை விட்டுவிட்டு வேறொரு நொதியாகவே மாறிவிடும். அப்போது ஃபெரிட்டின் உற்பத்தி தொடங்கும்.

சில குடும்பங்களில் இந்தக் கொண்டையில் ஒரே எழுத்து மாறியிருக்கிறது. புரதத்தின் எந்த அமினோ அமிலமும் மாறவில்லை. ஆனால் ஐஆர்பியால் சரியாகப் பிடிக்க முடியாமல் இரத்தத்தில் ஃபெரிட்டின் எகிறும், இளம் வயதிலேயே கண்புரை வரும். 1995இல் விளக்கப்பட்ட நோய் இது. ஃபெரிட்டின் அளவை மட்டும் பார்த்து, உடம்பில் இரும்பு அதிகம் என்று இரத்தத்தை வெளியேற்றினால் இவர்களுக்குச் சோகைதான் வரும். அவர்கள் உடம்பில் இரும்பு இயல்பாகவே இருக்கிறது.

நுண் ஆர்என்ஏக்கள் இன்னொரு வழி. சுமார் 22 எழுத்துகள் கொண்ட இவை, பொருத்தமான தூது ஆர்என்ஏக்களோடு இணைந்து அவற்றை அடக்கும். இவற்றைக் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

எந்தப் புரதம் எவ்வளவு மொழிபெயர்க்கப்படுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

ரைபோசோம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஆர்என்ஏ மூடப்பட்டிருக்கும். செல்லைச் சட்டென்று உறையவைத்து, திறந்து கிடக்கும் ஆர்என்ஏவையெல்லாம் நொதியால் அரித்துவிட்டால், ரைபோசோம்கள் மூடியிருந்த 30 எழுத்து அளவிலான துண்டுகள் மட்டும் மிஞ்சும். அவற்றை வரிசைப்படுத்தினால் எந்த நொடியில் எந்த ரைபோசோம் எங்கே நின்றது என்று தெரிந்துவிடும். 2009இல் வெளியான, ரைபோசோம் விவரக்கணிப்பு என்ற இந்த முறை இல்லையென்றால் கீழே வரும் பல மருந்து ஆய்வுகள் நடந்தே இருக்காது.

வைரஸ்கள் இதை எப்படிப் பயன்படுத்திக்கொள்கின்றன?

எந்த வைரஸிடமும் தனக்கென ஒரு முழு ரைபோசோம் ஏற்பாடு கிடையாது, செல்லுடையதைத்தான் பிடிக்கவேண்டும். போலியோ வைரஸ் இஐஎஃப்4ஜியை வெட்டிவிடுகிறது. தொப்பி வழியாக நடக்கும் செல்லின் உற்பத்தி நின்றுபோகும். வைரஸின் ஆர்என்ஏவோ தொப்பி இல்லாமலேயே ரைபோசோமை நேராக உள்ளிழுக்கும் மடிப்பு ஒன்றை வைத்திருக்கிறது. கோவிட் வைரஸின் என்எஸ்பி1 புரதம், ரைபோசோமின் சிறு பாதியில் ஆர்என்ஏ நுழையும் வழியையே அடைத்துவிடும். வைரஸின் ஆர்என்ஏக்கள் மட்டும் தங்கள் முன்முனை அமைப்பின் உதவியால் அந்தத் தடையைத் தாண்டுகின்றன.

மொழிபெயர்ப்பைத் தாக்கும் மருந்து எதுவும் இப்போது பயன்பாட்டில் உள்ளதா?

நீங்களே சாப்பிட்டிருப்பீர்கள். அசித்ரோமைசின், எரித்ரோமைசின், டாக்சிசைக்ளின், குளோராம்பெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், லினிசோலிட் எல்லாமே பாக்டீரியாவின் ரைபோசோமில் போய் உட்காருபவை. டெட்ராசைக்ளின் வகை, கடத்து ஆர்என்ஏ வந்து அமரும் இடத்தை மறைக்கும். குளோராம்பெனிகால், அமினோ அமிலங்கள் இணையும் மையத்தில் குறுக்கிடும். எரித்ரோமைசின், வளரும் சங்கிலி வெளியேறும் சுரங்கத்தில் நிற்கும். ஸ்ட்ரெப்டோமைசின் பிழையான அமினோ அமிலங்களை ஏற்க வைக்கும். இவை எங்கே எப்படிப் பொருந்துகின்றன என்பதை அணு அளவில் காட்டியது ரைபோசோமின் கட்டமைப்பு ஆய்வு. அதற்காகத்தான் வெங்கி ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் மூவருக்கும் 2009இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

அவை நம் செல்லை ஏன் தாக்குவதில்லை?

பாக்டீரியாவின் ரைபோசோமும் (70எஸ்) நம்முடையதும் (80எஸ்) ஒரே மூதாதையிலிருந்து வந்தவைதான். ஆனால் பரிணாமத்தில் அங்கங்கே எழுத்துகள் மாறியிருக்கின்றன, அந்த வித்தியாசமே மருந்துக்குப் போதும்.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. செல்லுக்கு ஆற்றல் தரும் நம் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்தது. அதற்குள் இருக்கும் ரைபோசோம் இன்றும் பாக்டீரிய ஜாடையில்தான் இருக்கிறது. இந்த மருந்துகளின் கடுமையான பக்க விளைவுகள் பலவற்றுக்கு வேர் இங்கேதான். மைட்டோகாண்ட்ரியாவின் ஆர்என்ஏவில் ஏ1555ஜி என்ற ஓரெழுத்து மாற்றம் உள்ளவர்களுக்கு ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் வகை ஊசிகளால் செவித்திறன் நிரந்தரமாகப் போய்விடலாம், வழக்கமான அளவிலேயே. இந்த மாற்றம் தாய்வழியாக வருவது. தாய், அம்மாவழிப் பாட்டி, மாமா, சித்தி என்று யாருக்காவது ஊசிக்குப் பிறகு காது கேட்காமல் போயிருந்தால், அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் நேரடியாக ஒருவருக்குப் பயன்படக்கூடிய வரி இதுவாகத்தான் இருக்கும்.

லினிசோலிட் இன்னொரு பாடம். மருந்துக்கு அடங்காத காசநோயில் பெடாகுவிலின், பிரெட்டோமனிட் இரண்டோடும் சேர்த்து இதை நாளுக்கு 1,200 மில்லிகிராம் கொடுத்துச் சோதித்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு நல்ல பலன் கிடைத்தது. ஆனால் ஐந்தில் நான்கு பேருக்கு நரம்புப் பாதிப்பும் வந்தது. பிறகு நடந்த சோதனை, 600 மில்லிகிராமாகக் குறைத்தாலும் பலன் பெரிதாகக் குறையாது, பாதிப்பு நன்றாகக் குறையும் என்று காட்டியது. இலக்கு சரியாக இருந்தாலும் அளவில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பாக்டீரியா இவற்றை எப்படி எதிர்க்கிறது?

மருந்து பொருந்தும் இடத்தில் ஒரு மீத்தைல் தொகுதியை ஒட்டிக்கொள்ளும், மருந்தை வெளியே பம்ப் செய்யும், மருந்தையே நொதியால் கெடுக்கும். எரித்ரோமைசின் எதிர்ப்பில் முதல் வழிதான் பிரபலம்: ரைபோசோம் ஆர்என்ஏவின் ஒரே ஒரு அடினின் எழுத்தில் மீத்தைல் ஒட்டினால் போதும்.

புற்றுநோய்க்கு வருவோம். அங்கே நம் ரைபோசோம்தானே இருக்கிறது? வித்தியாசம் எங்கே?

ரைபோசோமில் வித்தியாசம் கிடையாது. எவ்வளவு தேவைப்படுகிறது என்பதில் இருக்கிறது. இதை அழகாகக் காட்டியது 2015இல் வெளியான ஓர் ஆய்வு. இஐஎஃப்4ஈயை வழக்கமான அளவில் பாதியாகக் குறைத்த எலிகள் இயல்பாகப் பிறந்தன, வளர்ந்தன, அவற்றின் மொத்தப் புரத உற்பத்தியிலும் குறை தெரியவில்லை. ஆனால் அவற்றின் செல்களைப் புற்றாக மாற்றுவது கடினமாக இருந்தது. அதாவது சாதாரணச் செல்லிடம் இஐஎஃப்4ஈ உபரியாக இருக்கிறது, புற்றுச் செல் அந்த உபரியையும் சேர்த்துச் செலவழித்துத்தான் பிழைக்கிறது. மருந்து தேடுபவர்களுக்கு இந்த இடைவெளிதான் நம்பிக்கை.

இரண்டாவது வித்தியாசம், புரதங்களின் ஆயுள். எம்சிஎல்1 என்ற புரதம் செல்லைத் தற்கொலையிலிருந்து காப்பது, ஆனால் வெகு சீக்கிரம் சிதைந்துவிடும். பல இரத்தப் புற்றுச் செல்கள் இதை நம்பியே வாழ்கின்றன. மொழிபெயர்ப்பைச் சற்று நேரம் நிறுத்தினாலும் முதலில் தீர்ந்துபோவது எம்சிஎல்1 மாதிரியான குறை ஆயுள் புரதங்கள்தான். நம் ரைபோசோமையே நேரடியாகத் தடுக்கும் ஒமாசெடாக்சின், நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுக்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதற்கு அடிப்படை இதுவே. செபலோடாக்சஸ் என்ற ஊசியிலை மரத்திலிருந்து வந்த மருந்து இது. சீனாவில் 1970களிலிருந்தே பயன்பாட்டில் இருக்கிறது.

ராபமைசின் இந்தக் கதையில் எங்கே வருகிறது?

1964இல் ஈஸ்டர் தீவுக்குப் போன கனடாக் குழு எடுத்துவந்த மண்ணிலிருந்த பாக்டீரியா செய்யும் பொருள் அது. தீவின் சொந்தப் பெயர் ராபா நுய், மருந்தின் பெயர் அதிலிருந்து வந்தது. சுரேந்திர நாத் செகல் என்ற விஞ்ஞானி அதை விடாமல் பின்தொடர்ந்தார். அது தாக்குவது எம்டாரை என்று பின்னால்தான் தெரிந்தது. 1999இல் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு அனுமதி, 2007இல் அதன் வழிவந்த டெம்சிரோலிமஸுக்குச் சிறுநீரகப் புற்றில் அனுமதி.

புற்றில் இவற்றின் பலன் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ராபமைசின் எம்டாரின் எல்லா வேலைகளையும் நிறுத்துவதில்லை. 4ஈபிபியில் பாஸ்பேட் ஒட்டுவது பெருமளவு தொடர்கிறது, இஐஎஃப்4ஈயும் தொடர்ந்து கட்டவிழ்ந்தே இருக்கிறது. நொதியின் மையத்தையே தடுக்கும் அடுத்த தலைமுறைப் பொருள்கள் அதைச் சரிசெய்கின்றன, ஆனால் உடம்பு தாங்கும் எல்லையும் அங்கே நெருங்கிவிடுகிறது.

ராபமைசின் ஆயுளை நீட்டுமாமே?

எலிகளில் நீட்டுகிறது. 2009இல் வயதான எலிகளுக்குக் கொடுத்தே காட்டினார்கள். மனிதரில் நிரூபணம் கிடையாது. நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தைத் தானாக வாங்கிச் சாப்பிடுவது வேண்டாம்.

இஐஎஃப் என்ற தொடக்கக் காரணிகளை நேராகத் தாக்கும் மருந்துகள் உண்டா?

சோதனையில் இருக்கின்றன. எனக்கு நம்பிக்கை தருவது இஐஎஃப்4ஏயைக் குறிவைக்கும் ரோகாக்லேட் குடும்பம். அக்லாயா என்ற செடிகளில் கிடைப்பது. இது இஐஎஃப்4ஏயை வெறுமனே முடக்குவதில்லை. ஏ, ஜி எழுத்துகள் அடுத்தடுத்து வரும் ஆர்என்ஏப் பகுதியில் அதை அப்படியே இறுக்கிப் பிடித்து நிற்க வைத்துவிடும், ஊர்ந்து வரும் ரைபோசோம் அங்கே முட்டி நிற்கும். ஆகவே அந்த வகை எழுத்து வரிசை உள்ள புரதங்கள்தான் அதிகம் பாதிக்கப்படும். செடி தன் நஞ்சால் தானே சாகாமல் இருப்பதற்குக் காரணம், அதன் சொந்த இஐஎஃப்4ஏயில் மருந்து பொருந்தும் இடத்து அமினோ அமிலம் மாறியிருப்பதுதான். இதன் வழியில் செயற்கையாக உருவாக்கிய ஜோடாடிஃபின் மனிதச் சோதனைகளுக்குப் போயிருக்கிறது.

மொழிபெயர்ப்பை நிறுத்துவது நஞ்சாகாதா?

ஆகும். ஆமணக்கு விதையிலுள்ள ரைசின் நம் ரைபோசோமின் ஆர்என்ஏவில் ஒரே ஒரு அடினினைப் பிடுங்கி அதைச் செயலிழக்கச் செய்யும். ஒரு மூலக்கூறு நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரைபோசோம்களை முடிக்கும். தொண்டை அடைப்பான் கிருமியின் நச்சு, சங்கிலி நீள உதவும் இஇஎஃப்2 என்ற காரணியைக் கெடுக்கும் (மேலே பார்த்த இஐஎஃப்2 வேறு). செல்லுக்குள் ஒரு மூலக்கூறு நுழைந்தாலே செல் சாகப் போதும். ஆனால் அதே நச்சின் செல்லைப் பிடிக்கும் பகுதியை நீக்கி, நோய் எதிர்ப்புச் செல்களான டி-செல்கள் பிடிக்கும் இன்டர்லூகின்-2 என்ற புரதத்தை ஒட்டி, ஒரு வகைத் தோல் லிம்ஃபோமாவுக்கு (டி-செல் புற்று) 1999இலேயே மருந்தாக்கிவிட்டார்கள். எந்தச் செல்லுக்குள் போகிறது என்பதைக் கட்டுப்படுத்தினால் நஞ்சும் உதவும்.

மூளை நோய்களில் ஏதாவது வாய்ப்பு இருக்கிறதா?

இங்கே எதிர்த்திசையில் யோசிக்கிறார்கள். நெருக்கடி எதிர்வினை நீண்டுபோய், மொழிபெயர்ப்பு அடங்கியே கிடப்பதுதான் சில நோய்களில் சிக்கல் என்பது கருத்து. நீண்டகால நினைவு பதியப் புதிய புரதம் வேண்டும் என்பது 1960களிலிருந்தே தெரியும். உயிரியலாளர் பீட்டர் வால்டரின் ஆய்வகம் 2013இல் இஸ்ரிப் என்ற சிறு மூலக்கூறை வெளியிட்டது. அதைக் கொடுத்த எலிகள் நினைவுச் சோதனைகளில் மேம்பட்டன. அது போய் ஒட்டும் இடம், மேலே பார்த்த இஐஎஃப்2பிதான். அதன் இரண்டு பாதிகளையும் தைத்தாற்போலச் சேர்த்துப் பிடித்து வேலையை ஊக்குவிக்கிறது.

இஐஎஃப்2பி மரபணுக்களில் குறை இருந்தால் மூளையின் வெண்பொருள் கரையும் கொடிய நோய் வருகிறது. அந்த நோயில் இந்த வழி அறிவியல்படி மிகப் பொருத்தம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் உடைந்த பாகத்தையே மருந்து தொடுகிறது. ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயில் இதே வழியில் இயங்கும் இரண்டு மருந்துகளைச் சோதித்தார்கள். நோய் வேகத்தை இரண்டுமே குறைக்கவில்லை என்று 2025 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. வருத்தமான முடிவுதான். ஆனால் எலியில் நினைவு கூடியது என்பதிலிருந்து மனித நோய்க்கு எவ்வளவு தூரம் என்பதை அது நேர்மையாகக் காட்டுகிறது.

பிறவிக் குறைபாட்டில், பாதியில் நின்றுபோகும் புரதத்தை முழுதாக்க முடியுமா?

மரபணுக் குறைபாடுகளில் சுமார் பத்தில் ஒன்று, நடுவில் தவறாக ஒரு நிறுத்தக்குறி வந்ததால் ஏற்படுபவை. ரைபோசோமை அந்தக் குறியைத் தாண்டிப் படிக்க வைப்பதுதான் யோசனை. ஜென்டாமைசின் ஓரளவு செய்யும், ஆனால் தேவைப்படும் அளவில் சிறுநீரகமும் காதும் தாங்காது. அடலூரன் என்ற மாத்திரைக்கு டுஷென் தசைச் சிதைவு நோயில் ஐரோப்பா 2014இல் நிபந்தனை அனுமதி கொடுத்தது. பின்வந்த சோதனைகள் பலனை உறுதி செய்யாததால் 2025இல் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. யோசனை தோற்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன், இன்னும் வலுவான மூலக்கூறு வேண்டும்.

எம்ஆர்என்ஏ (தூது ஆர்என்ஏ) தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. வெளியிலிருந்து சாதாரண ஆர்என்ஏவைச் செலுத்தினால் செல் அதை வைரஸ் என்று எடுத்துக்கொண்டு, பிகேஆர் உள்ளிட்ட காவலர்களை எழுப்பி மொழிபெயர்ப்பை அடக்கும். ஆர்என்ஏவின் எழுத்துகளில் ஒன்றான யூரிடினை மாற்றம் பெற்ற வடிவத்தில் வைத்தால் இந்தக் காவல் பெரிதாக விழிப்பதில்லை, புரதமும் அதிகம் கிடைக்கும். கேட்டலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் இருவருக்கும் 2023இல் நோபல் கிடைத்தது இதற்காகத்தான்.

ரைபோசோமை நிறுத்தி, ஒரே ஒரு புரதத்தை மட்டும் தடுக்கும் மாத்திரை வருமா?

வர முடியும் என்று 2017இல் காட்டிவிட்டார்கள். பிசிஎஸ்கே9 என்ற புரதம், கெட்ட கொழுப்பை இரத்தத்திலிருந்து எடுக்கும் ஏற்பிகளை அழிப்பது. ஃபைசர் ஆய்வாளர்கள் விவரித்த ஒரு சிறு மூலக்கூறு, ரைபோசோம் பிசிஎஸ்கே9ஐக் கோத்து 34ஆம் இடத்தை நெருங்கும்போது அதை நிறுத்திவிடுகிறது. வெளியேறும் சுரங்கத்துக்குள் அப்போது இருக்கும் அந்தக் குறிப்பிட்ட சங்கிலித் துண்டும் மருந்தும் சேர்ந்தால்தான் அடைப்பு ஏற்படும். சங்கிலி வேறாக இருந்தால் ரைபோசோம் போய்க்கொண்டே இருக்கும். ரைபோசோம் விவரக்கணிப்பில் பார்த்தபோது செல்லின் ஆயிரக்கணக்கான புரதங்களில் மிகச் சிலவே சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்தன. எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது கொழுப்பு குறைந்தது.

இது மருந்துக்கடைக்கு வரவில்லை. ஆனாலும் இந்த ஆய்வை முக்கியமாக நினைக்கிறேன். மருந்து பொருந்த வசதியான குழி இல்லாத புரதங்கள் ஏராளம், அவற்றைத் தொட வழியில்லை என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அவை உருவாகும்போதே பிடிக்க முடிந்தால் அந்தப் பட்டியலே மாறிவிடும்.

அடுத்த பத்தாண்டில் எது முதலில் பலன் தரும் என்று நினைக்கிறீர்கள்?

கிருமிகளுக்கு எதிரானவை. அங்கே வித்தியாசம் இயற்கையிலேயே இருக்கிறது, நாம் உண்டாக்க வேண்டியதில்லை. மலேரியா ஒட்டுண்ணியின் இஇஎஃப்2வைத் தாக்கும் கபாமிகுவினை 2015இல் அறிவித்தார்கள். ஒட்டுண்ணியின் பல வாழ்நிலைகளில் அது வேலை செய்கிறது. தனியாகக் கொடுத்தால் எதிர்ப்பு முளைக்கிறது என்பதால் பைரோனாரிடின் என்ற மலேரியா மருந்தோடு சேர்த்துச் சோதிக்கிறார்கள். காசநோய்க் கிருமி தன் கடத்து ஆர்என்ஏவில் லியூசினை ஏற்றும் நொதியைக் குறிவைக்கும் கான்ஃபெபோரோலும் மனிதச் சோதனையில் இருக்கிறது. அப்புறம் புற்று. அதிலும் தனி மருந்தாக இல்லாமல் வேறு மருந்துகளோடு சேர்த்து, இடைவெளி விட்டுக் கொடுக்கும் முறையில் வரும் என்பது என் கணிப்பு. மூளை நோய்களுக்கு இன்னும் காலமாகும். எந்த நோயாளியின் செல்லில், எந்தக் கட்டத்தில் மொழிபெயர்ப்பு உண்மையிலேயே அடங்கிக் கிடக்கிறது என்று அளந்து சொல்லும் பரிசோதனை முதலில் வேண்டும்.